புள்ளி பெரிதா, சிறிதா?

விருதுநகரில் தீராத வழக்குகள் இரண்டு உண்டு. புரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுப்பது உத்தமமா, மற்ற ஊர்களைப் போல் கல்லில் சுட்டெடுப்பது உத்தமமா என்பது ஒன்று. மற்றொன்று, சென்ற ஓராண்டாக நம் வீட்டு மொட்டை மாடியில் நடந்து வந்தது. வெகு தூரத்திலுள்ள விண்மீன் திரள்களைப் படம் பிடிப்பதற்குக் காமிராவின் புள்ளி பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாக இருக்க வேண்டுமா என்பதே அந்த வழக்கு. முதல் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியாது. இரண்டாவதிலோ, தீர்ப்புச் சொல்லாமல் தப்ப முடியாத நிலைமை நமக்கு ஏற்பட்டுவிட்டது. காரணம், அதில் பிறர் பணம் கலந்திருந்தது.

நாம் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர். நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய பெற்றோர்களுக்குப் பட்டாசு ஆலையில் வேலை, அல்லது தீப்பெட்டி ஆபீஸில் வேலை, அல்லது அச்சாபீஸில் வேலை. நம்மிடம் ஆறு அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மதுரையில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. சந்திரனையும் சனியின் வளையத்தையும் அதில் பார்த்துப் பரவசமடைந்த பிள்ளைகள், ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் திரளையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். பார்த்தார்கள். “இவ்வளவுதானா, சார்? வெள்ளையாய்ப் புகை மாதிரி இருக்கிறதே!” என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பிசகில்லை. நம்முடைய கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. வந்ததை வந்த கணமே செலவு செய்துவிடும். காமிராவோ நிமிஷக் கணக்கில், மணிக் கணக்கில் ஒளியைச் சேமித்து வைக்கும். ஆகவே காமிரா வாங்குவதென்று பிள்ளைகளே தீர்மானம் செய்தார்கள். வாரக் கூலியிலிருந்து பத்தும் இருபதுமாகப் பெற்றோர்கள் கொடுத்தனுப்பிய பணம் ஒரு வருஷத்தில் ஒருவாறு சேர்ந்தது. அதைக் கொண்டு உதவாத காமிராவை வாங்கிவிட்டால் மறுபடி அவர்களிடம் போய்க் கை நீட்ட முடியுமா?

புகை என்ற வார்த்தை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வாயில் இலேசாக வருவதன்று. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை பல. இங்கே பகல் வேளையில் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் எல்லோருக்கும் உண்டு. எந்தத் திக்கில் புகை எழும்புகிறது, அது நம்முடைய ஆள் வேலை பார்க்கும் திக்கா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வேறொன்றுக்காக வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்றால், அந்தக் காரியத்தில் அசிரத்தையாய் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

நிற்க. வழக்கில் வாதிகள் இருவர். ஒருவர், கல்யாணப் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ அண்ணாச்சி. கானன் 6டி என்னும் காமிரா ஒன்று அவரிடம் பழையதாக இருந்தது. புது மாதிரிக் காமிராவுக்கு அவர் மாறிவிட்டபடியால் அதைச் சகாயமாகத் தர முன்வந்தார். மற்றவன் நம் தமக்கையின் மகன், பெங்களூரில் என்ஜினீயர். வானத்தைப் படம் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட, ஸோனி ஐஎம்எக்ஸ் 533 என்னும் சில்லு பொருத்திய சிறு காமிராதான் வேண்டும் என்பது அவன் கட்சி.

சில்லின் மீது ஒளியை வாங்கும் நுண்ணிய கட்டங்களைப் பிக்ஸெல் என்கிறார்கள். நாம் புள்ளி என்போம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். அண்ணாச்சியின் காமிராவில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 6.5 மைக்ரான். மருமகப்பிள்ளையின் காமிராவில் 3.76 மைக்ரான். பரப்பளவைக் கணக்கிட்டால் பெரியது சிறியதைப் போல மூன்று மடங்கு.

“வாத்தியாரையா, மூன்று மடங்கு பெரிய பாத்திரத்தில் மூன்று மடங்கு மழைத் தண்ணீர் விழாதா? இருட்டில் எடுக்கிற படத்துக்குப் பெரிய புள்ளிதான் ஐயா!” என்றார் அண்ணாச்சி.

“மாமா, அதெல்லாம் பழைய சாஸ்திரம். சிறிய புள்ளியில்தான் விவரம் தெரியும்” என்றான் மருமகன்.

இரண்டும் நியாயமாகவே பட்டன. உபாத்தியாயருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை.

முதலில் அண்ணாச்சியின் வாதத்தை எடுத்துக் கொள்வோம். விருதுநகர் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் விற்கும் வியாபாரப் பட்டணமாதலால், உதாரணத்தைக் கடைத் தெருவிலிருந்தே எடுக்கலாம். ஒரு மூட்டைத் துவரம் பருப்பைப் படியாலும் அளக்கலாம், ஆழாக்காலும் அளக்கலாம். எட்டு ஆழாக்கு ஒரு படி. எதைக் கொண்டு அளந்தாலும் மூட்டைக்குள் இருக்கும் பருப்பு கூடவோ குறையவோ போவதில்லை. அது போலவே, ஒரு விண்மீன் திரளிலிருந்து நமக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்பதைத் தொலைநோக்கியின் வாய் அகலம் தீர்மானிக்கிறது. ஆறு அங்குலக் கண்ணாடி பிடித்துக் கொடுக்கும் ஒளியை எத்தனை புள்ளிகளுக்குப் பங்கிடுவது என்பது மட்டுமே சில்லின் வேலை.

ஆனால் அளக்கிறவனின் கை ஒவ்வொரு தடவையும் சிறிது முன்னே பின்னே போகும் அல்லவா? படியால் அளந்தால் தடவை குறைவு, பிசகும் குறைவு. ஆழாக்கால் அளந்தால் தடவை அதிகம், பிசகும் அதிகம். காமிராவிலும் ஒவ்வொரு புள்ளியையும் வாசிக்கும்போது சில எலெக்ட்ரான்கள் அளவுக்குத் தவறு நேரும். வானத்தைப் படம் பிடிக்கப் பழைய நாளில் உபயோகித்த சி.சி.டி. சில்லுகளில் இந்தத் தவறு புள்ளி ஒன்றுக்கு எட்டு, பத்து எலெக்ட்ரான். அந்தக் காலத்தில் 9 மைக்ரான் புள்ளியை எல்லோரும் போற்றியதற்குத் தக்க காரணம் இருந்தது. இப்பொழுது வரும் சில்லுகளில் அது ஒன்றரை எலெக்ட்ரான் சுமாருக்கு இறங்கிவிட்டது. பிசகுகள் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்வதால், மூன்று சிறு புள்ளிகளைக் கூட்டினால் தவறு மூன்று மடங்காவதில்லை, சுமார் 1.7 மடங்கே ஆகிறது. அதாவது இரண்டரை எலெக்ட்ரானுக்குச் சற்று அதிகம். ஊர் விளக்குகளின் வெளிச்சத்தால் வெளுத்த வானத்தில் இந்தத் தவறு இருக்கும் இடமே தெரியாது. ஆகவே அண்ணாச்சியின் வாதம் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் ஜயித்திருக்கும்.

அதற்காக மருமகன் கட்சி ஜயித்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். அவனுடைய வாதத்தை முறியடித்தவர் சிவகாசியில் ஆப்ஸெட் அச்சாபீஸில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர். காலண்டர் சீஸனில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். முருகன் படம் அச்சாகிக் கொண்டிருந்தது. ஒரு தாளை எடுத்து, அதன் மேல் சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து, “பாருங்கள், சார்” என்றார். முருகனைக் காணோம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகள்! பிறகு ஒரு பெரிய சுவரொட்டியைக் காட்டினார். அதில் புள்ளிகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன.

“இது மட்டமான அச்சா?” என்று கேட்டோம்.

“இல்லை, சார். இது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு. கல்யாணப் பத்திரிகை கையில் வைத்துப் பார்க்கிறவனுக்கு. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பான் என்று கேட்டுக்கொண்டுதான் நாங்கள் புள்ளியை முடிவு செய்வோம்” என்றார்.

நமக்குச் சட்டென்று விளங்கியது. புள்ளிக்கு மைக்ரானில் ஒரு அளவு உண்டு. வானத்தில் ஒரு அளவு உண்டு. இதுவரையில் எல்லோரும் சண்டையிட்டது முதலாவதைப் பற்றி. படத்துக்கு வேண்டியதோ இரண்டாவது.

வானத்தின் அளவு நம் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. பூரண சந்திரனின் அகலம் சுமார் அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. காமிராவின் ஒரு புள்ளி வானத்தில் எத்தனை விகலையை மூடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. புள்ளியின் மைக்ரானை 206-ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவிய தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனால் வகுக்க வேண்டும். நம் தொலைநோக்கிக்குக் குவிய தூரம் 750 மில்லிமீட்டர். சிறிய புள்ளிக்கு 1.03 விகலை வருகிறது. பெரிய புள்ளிக்கு 1.8 விகலை.

இனி, காற்று என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நட்சத்திரம் எவ்வளவு நுண்ணியதாயினும், காற்று மண்டலத்தின் நடுக்கத்தால் அது ஒரு சிறு வட்டமாகக் கலங்கித்தான் நமக்கு வந்து சேருகிறது. ஜவ்வாது மலை மேல், 700 மீட்டருக்கு அதிகமான உயரத்தில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே திறக்கப்பட்டு, அதைக் கனவு கண்டு 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய இடங்களில் நல்ல இரவுகளில் நட்சத்திரத்தின் வட்டம் 2 விகலை அளவுக்குச் சுருங்கும். நம் மொட்டை மாடியோ பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுவதும் கக்குவது. நாம் அளந்து பார்த்த இரவுகளில் 3 விகலைக்குக் குறைந்தது அபூர்வம்.

ஒரு நட்சத்திர வட்டத்தின் குறுக்கே இரண்டு அல்லது மூன்று புள்ளிகள் அமைந்தால் போதும். காற்று விட்டுக் கொடுத்த விவரம் எல்லாம் படத்தில் வந்துவிடும். 3 விகலை வட்டத்துக்கு, ஒன்று முதல் ஒன்றரை விகலை வரையுள்ள புள்ளி பொருத்தம். அதற்கு மேல் பொடியாக்கினால் பதிவாவது காற்றின் நடுக்கமே. ஆகவே நம்முடைய 750 மில்லிமீட்டருக்குச் சிறிய புள்ளி சரியாகப் பொருந்துகிறது. பெரியது கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் இதே சிறிய புள்ளியை 2,000 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பூட்டினால் 0.39 விகலை ஆகிவிடும். கலங்கிய ஒரு நட்சத்திரத்தின் மேல் எட்டுப் புள்ளிகள்! சுவரொட்டிக்குக் கல்யாணப் பத்திரிகைப் புள்ளி போடுவதைப் போன்றது. அங்கே 9 மைக்ரான் புள்ளி 0.93 விகலை கொடுத்து அழகாய்ப் பொருந்தும். அல்லது சிறிய புள்ளிகளை இரண்டுக்கிரண்டாகக் கூட்டி ஒன்றாக்கிக்கொள்ளலாம். தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தில், 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகத்தின் காமிராவில் 320 கோடிப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் 10 மைக்ரான். “புதியது என்றால் சிறியது” என்ற மருமகனின் சித்தாந்தம் அங்கே செல்லாது. அவர்களுடைய தொலைநோக்கியின் நீளத்துக்கு 10 மைக்ரானே 0.2 விகலை ஆகிவிடுகிறது; அந்த மலைக் காற்றுக்கு அது தக்க அளவு.

வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த நாளிலும் இந்தத் தொல்லை இருந்தது. அப்பொழுது புள்ளிக்குப் பதில் வெள்ளித் துகள். துகள் பருத்தால் ஒளியைச் சீக்கிரம் வாங்கும், படம் சொரசொரப்பாகும். ஐஸக் ராபர்ட்ஸ் என்னும் வேல்ஸ் தேசத்தவர், கட்டட வேலையில் பணம் சேர்த்து, வானத்தில் செலவு செய்தவர்; 1888-இல் அப்படிப்பட்ட தகட்டில்தான் ஆண்ட்ரோமீடாவின் சுருள் வடிவத்தை முதன் முதலாகப் பிடித்தார். தொழில் முறை வானியலார் அல்லாதவர் என்பதால் அவர் மேல் நமக்குத் தனி அபிமானம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922-இல். அடுத்த வருஷம் அக்டோபரில் எட்வின் ஹப்பிள், கலிபோர்னியாவில், அதே ஆண்ட்ரோமீடாவில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தகட்டில் கண்டு, அது நம்முடைய பால் வீதிக்கு வெளியே இருப்பது என்று நிரூபிக்க வழி செய்தார். சிவகாசி நெருப்பைச் செய்யத் தொடங்கிய காலமும், உலகம் இவ்வளவு பெரிது என்று மனிதன் தெரிந்துகொண்ட காலமும் ஒன்றுதான். இந்த விஷயத்தை வகுப்பில் சொல்வதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

இதெல்லாம் சரி, பணத்தைக் கொடுத்து எதை வாங்குவது? புள்ளிக் கணக்கு சிறியதன் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் வித்தியாசம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. சகாய விலையைப் பார்க்கும்போது அண்ணாச்சியின் காமிராவைத் தள்ளிவிட மனம் வரவில்லை. இந்தச் சமயத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி தராசை ஒரு பக்கமாகத் தாழ்த்திவிட்டது. அவள் தாயார் வண்ண மத்தாப்பு செய்யும் ஆலையில் வேலை செய்கிறவர். ஸ்ட்ரான்ஷியம் என்றால் சிவப்பு, பேரியம் என்றால் பச்சை, சோடியம் என்றால் மஞ்சள் என்பது அந்தப் பெண்ணுக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

“விண்மீன் திரளில் அதிகமாய் இருப்பது ஹைட்ரஜன் என்றீர்களே, சார். ஹைட்ரஜனுக்கு என்ன நிறம்?” என்று கேட்டாள்.

சிவப்புத்தான். புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் ஹைட்ரஜன் மேகங்கள் 656 நானோமீட்டர் நீளமுள்ள சிவப்பு அலையில் ஒளிர்கின்றன. கல்யாண வீட்டுக் காமிராக்களிலோ, மனிதர்களின் முகம் இயற்கையாய்த் தெரிவதற்காக, அந்தச் சிவப்பின் பெரும் பகுதியைத் தடுத்துவிடும் கண்ணாடி ஒன்றைச் சில்லின் முன்னால் வைத்துவிடுகிறார்கள். மணப்பெண்ணின் முகத்துக்கு அது நல்லது. விண்மீன் திரளுக்கு அநியாயம். அந்தக் கண்ணாடியை எடுத்துத் தருவோர் உண்டு என்றாலும், அதற்குத் தனிச் செலவு.

உஷ்ணம் மற்றொரு காரணம். ஒளியே படாவிட்டாலும் சில்லில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒரு தடவை அவை இரட்டிக்கும். சித்திரை மாத இரவில் 30 டிகிரியில் வேகும் சில்லை 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் இந்தத் தொல்லை முப்பதில் ஒரு பங்காகிவிடும். வான்படக் காமிராவில் அதற்கென்று மின்சாரக் குளிர் யந்திரம் இருக்கிறது. சீதள தேசத்தில் இருப்பவர்கள் இதைப் பெரிதாக எண்ணாமல் புள்ளியைப் பற்றியே பக்கம் பக்கமாக விவாதிக்கலாம். கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே சிறிய காமிராவையே வாங்கினோம். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நம் சிறு சில்லின் பக்கம் 11.3 மில்லிமீட்டர்தான்; தொலைநோக்கியில் அது வானத்தில் பிடிப்பது ஒரு பாகைக்கும் குறைவு. ஆண்ட்ரோமீடாவோ மூன்று பாகை நீளம், ஆறு சந்திரர்களை வரிசையாய் வைத்தது போல! அதை முழுவதும் பிடிக்க 200 மில்லிமீட்டர் லென்ஸும் அண்ணாச்சியின் அகலச் சில்லும் வேண்டும். அங்கே பெரிய புள்ளி 6.7 விகலையை மூடினாலும், மண்டலத்தின் நீளத்துக்கு 1,600 புள்ளிகள் கிடைத்துவிடும். காலண்டர் படத்துக்கு அது தாராளம். “கல்யாணம் இல்லாத அமாவாசை இரவுகளில் எடுத்துக்கொண்டு போங்கள், வாத்தியாரையா” என்று சொல்லிவிட்டார். அமாவாசைகளுக்குள் சிறந்தது தீபாவளியை ஒட்டி வருவது. அன்றிரவு பத்து மணி சுமாருக்கு ஆண்ட்ரோமீடா உச்சத்தில் நிற்கும். ஆனால் அன்று பாரத தேசம் முழுவதும் நம் ஊர்க்காரர்கள் செய்த புகை வானத்தை மூடியிருக்கும். இங்கே புகை போதாதென்று ஐப்பசி மேகமும் மூடியிருக்கும்.

மழை ஓய்ந்து, மார்கழி அமாவாசையை ஒட்டி இரண்டு இரவுகள் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஊருக்கு வெளியே, சிவகாசிச் சாலையை விட்டு விலகிய ஒரு கரிசல் காட்டில் தொலைநோக்கியை நிறுத்தினோம். பட்டாசு ஆலைகள் பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவை. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் முழுவதும் இருள். முக்கோண மண்டலத்திலுள்ள எம்33 என்னும் திரளைக் குறி வைத்து, இரண்டிரண்டு நிமிஷமாகத் தொண்ணூறு படங்கள் எடுத்து, மூன்று மணி நேர ஒளியைக் கணிப்பொறியில் ஒன்றாகக் கூட்டினோம்.

சுருள் கரங்கள் தெரிந்தன. ஒரு கரத்தின் ஓரத்தில் சிறு சிவப்புத் திட்டு ஒன்றும் தெரிந்தது. என்.ஜி.சி. 604 என்று அதற்குப் பெயர்; சுமார் 1,500 ஒளி ஆண்டு அகலமுள்ள ஹைட்ரஜன் மேகம். அந்த மாணவி படத்தைப் பெரிதாக்கி, திட்டின் குறுக்கே எத்தனை புள்ளிகள் என்று எண்ணினாள். நூற்றுக்குச் சற்று மேல் வந்தது. வகுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு புள்ளிக்குப் பதின்மூன்று ஒளி ஆண்டு, சார்” என்றாள்.

படத்தைச் சிவகாசி மாணவர் தம் செலவில் அச்சிட்டுக் கொடுத்தார். பணம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பிரதி ஒன்று போயிற்று. மத்தாப்பு ஆலையில் வேலை செய்யும் அந்தத் தாயார் படத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சிவப்புத் திட்டின் மேல் விரலை வைத்தாராம். “இதற்கு என்ன மருந்து?” என்று மகளைக் கேட்டாராம்.

“ஹைட்ரஜன், அம்மா.”

“அது எங்கள் ஆலைக்கு வருவதில்லையே!” என்றாராம்.